கப்டன் கட்டிலை விட்டு எழும்புகிறார்

விண்வெளிக் கப்பலில் அடிபட்ட ஆண்பிள்ளை எவனும் கட்டிலில் கிடக்கமாட்டான். இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் திரையின் அடியில் தமிழ் வரி ஓடுகிறதே, சப்டைட்டில், அதை எழுதுகிறவள் நான். தன்னாமுனையில் என் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, காதில் ஹெட்போன். சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வேலை அனுப்பும். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள் என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வேற்றுக்கிரகம், காலப்பயணம், விண்வெளிச் சண்டை எல்லாம் என் தலையில்தான் விழுகிறது.

எந்தத் தொடரை எடுத்தாலும் அந்தக் காட்சி வந்துவிடும். கப்டனுக்கு விலா எலும்பு உடைந்திருக்கும். மருத்துவ அறையில் படுக்கவைத்து, கையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டி, மூன்று நாளைக்கு அசையக்கூடாது என்று டொக்டர் பெண் சொல்லுவாள். அவள் வாயை மூடவில்லை, கப்பல் குலுங்கும், சிவப்பு விளக்கு எரியும். கப்டன் வயர்களைப் பிய்த்து எறிந்துவிட்டு எழும்புவார். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். டொக்டர் பின்னால் நின்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு வரி. அதற்குள் கதவு தானாகவே மூடிக்கொள்ளும்.

நாடு மாறினாலும் இது மாறாது. கப்டன் வெள்ளையாக இருப்பார், கறுப்பாக இருப்பார், ஒரு தொடரில் நீலத் தோலும் நெற்றியில் மூன்று முடிச்சுமாக இருந்தார். நீலத் தோல்காரருக்கு இரத்தம்கூடப் பச்சை நிறம். ஆனால் அவரும் வயரைப் பிய்த்துக்கொண்டுதான் எழும்பினார். ஒளியை முந்திப் போகிறவர்கள், இறந்தவனை மீண்டும் அச்செடுக்கிறவர்கள், ஒரு ஆம்பிளையை மூன்று நாள் படுக்கவைக்க அவர்களால் முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வரி அடிப்பேன், எழும்பிக் குசினிக்குப் போவேன், தண்ணீர் குடிப்பேன், திரும்பி வந்து இருப்பேன், மறுபடி எழும்புவேன்.

"கதிரையில முள்ளா புள்ள?" என்று கேட்பார் என் மனிசன்.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் ஆளில்லை. எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். கதவு மூடும்போது என் நெஞ்சு ஒரு தரம் விம்மும். அடுத்த பாகத்தில் அவர் வேலையை முடித்துவிட்டு, எதிரியை விரட்டிவிட்டு, அதன்பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிவார். அந்தச் சட்டையில் இரத்தம் தெரிகிற இடத்தில் நான் ஹெட்போனுக்குள் அழுதிருக்கிறேன். ஏசிக்கொண்டே அழுவேன்.

என் மனிசனைப் பற்றியும் சொல்லவேண்டும். தோணி எஞ்சின் திருத்துகிறவர். எங்கள் வளவின் பின்பக்கம் வாவியில் முடிகிறது. அந்த ஓரத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அதற்குள்தான் வேலை. சொந்த ஊர் தேற்றாத்தீவு. கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர்.

இதைச் சென்னை நிறுவனத்தில் என் வரிகளைச் சரிபார்க்கும் பெண்ணிடம் ஒருநாள் தொலைபேசியில் சொன்னபோது, "ஓ, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று சிரித்தாள். அங்கே அது கேலி. இங்கே எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வளவுக்குள்ளேயே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அப்படித்தான் என் அம்மா பின்னால் இரண்டு அறையில் இருக்கிறார். என் மனிசன் வரும்போது கொண்டுவந்தது ஒரு பையும் எஞ்சின் திருத்துகிற ஒரு ஆயுதப் பெட்டியும். பதினாறு வருடத்துக்குப் பிறகும் அவருடைய உடுப்புகள் அலுமாரியில் ஒரு தட்டுக்கு மேல் ஏறவில்லை.

தொடர்களில் கப்டன்மார் "என் கப்பல்" என்று சொல்லாத பாகமே கிடையாது. என் கப்பலில் இது நடக்காது, என் கப்பலை விட்டு இறங்கு, என் கப்பலோடு நானும் சாவேன். என் மனிசன் இந்த வீட்டை ஒருநாளும் என்ட வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை. என்னிடம் பேசினால் உங்கட வீடு. கூட்டாளிமாரிடம் பேசினால் பொஞ்சாதிர வீடு. மனைவியின் கப்பலில் வந்து குடியிருக்கிற ஒரு கப்டனை எவனாவது எழுதியிருக்கிறானா என்று நானும் தேடித்தான் பார்க்கிறேன். இதுவரை அகப்படவில்லை.

அம்மா மருமகனோடு நேரே பேசமாட்டார். அது மரியாதை. மருமகன் சாப்பிட்டாரா, மருமகனுக்குத் தேத்தண்ணி குடுத்தியா, எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஆனால் வேலியோரம் நின்று ஊராரிடம் அவரைப் புகழ அம்மாவுக்கு அலுக்காது. "எங்கட மருமகன் ஒருநாள் பகல்ல படுத்ததில்ல கா. காய்ச்சலெண்டு ஒரு பாயை விரிச்சதில்ல" என்பார். நானும் பக்கத்தில் நின்று பெருமையோடு கேட்டுக்கொண்டு நிற்பேன். அவருக்கும் அது கேட்டிருக்கும். கொட்டிலுக்கும் வேலிக்கும் எவ்வளவு தூரம்?

மாலையில் வேலை முடிந்து கால் முகம் கழுவிக்கொண்டு வந்து, என் கதிரைக்குப் பின்னால் நின்று கொஞ்சநேரம் தொடரைப் பார்ப்பார். ஹெட்போன் என் காதில், அவருக்குச் சத்தம் கேட்காது. தேவையுமில்லை. கப்பலின் எஞ்சின் அறையில் குழாய்களுக்கு அடியில் கிடந்து வேலை செய்கிற ஒருவர் ஒரு வருடம் நான் எழுதிய தொடரில் இருந்தார். என் மனிசனுக்கு அவரைத்தான் பிடிக்கும். "இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு எங்கால எண்ணெய் விடுறது? இந்தாள்ர கையில ஒரு ஊத்தை இல்ல பாரு. பொய்க்காரன்" என்பார். அந்த எஞ்சின்காரர் ஒரு பாகத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, கையுறை போட்டு மறைத்து, நாலு பாகம்வரை ஒருவருக்கும் காட்டாமல் வேலை செய்தார். நாலாவது பாகத்தில் கையுறையைக் கழற்றியபோது பின்னணியில் வயலின் இசைத்தது.

தொலைக்காட்சியில் புண் மணப்பதில்லை. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனால் எழுதவேண்டும்.

அவருக்குச் சீனி வருத்தம் இரண்டு வருடமாக இருந்தது. குளிசை போடுவார், கிளினிக்குக்குப் போவார். வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கவேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சொன்ன சொல் கேட்கிற மனிசனா? எஞ்சின் பூட்டிய தோணியைத் தள்ளி ஓடவிட்டுப் பார்க்க, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வாவிக்குள் இறங்கிவிடுவார். நான் ஏசுவேன். பிறகு ஒருநாள் பார்த்தால் றப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். உள்ளே தடித்த மேஸ், அதுதான் காலுறை. காலையில் போட்டால் பொழுதுபட்டு வீட்டுக்குள் வரும்வரை கழற்றுவதில்லை. வீட்டுக்குள்ளும் மேஸ். கேட்டதற்கு, "கிளினிக்கில சொன்னவங்கதானே" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோசம். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இப்பதான் உங்கட மருமகனுக்குப் புத்தி வந்திருக்கு" என்றேன்.

அடுத்த கிழமை வீட்டுக்குள் ஒரு மணம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்றேன் நான். எனக்கு ஒன்று மனதில் விழுந்தால் இருப்புக் கொள்ளாது. வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டைக் கவிழ்த்தேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன், அரிசிப் பானையை இழுத்தேன், கூரையின் இடுக்குக்குள் தடியால் குத்தினேன். அம்மா சாம்பிராணி போட்டார். அன்றைக்கு மணம் போனது போலிருந்தது, அடுத்தநாள் வந்துவிட்டது. படுக்கிற அறையில்தான் கூடுதல். அலுமாரிக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி அவரைக் கூப்பிட்டேன். தேக்குமர அலுமாரி, என் கலியாணத்துக்குச் செய்தது, இரண்டு பேர் பிடித்தாலும் அசையாது. அவர் வந்தார். காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். முகமெல்லாம் வியர்வை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நான் பக்கத்தில் நின்று விரட்டினேன். அலுமாரி நகர்ந்ததும் அவரும் முழங்காலில் இருந்து, டோர்ச் அடித்து, எலியைத் தேடினார்.

"இல்லையே புள்ள" என்றார்.

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் சுவரோரமெல்லாம் டோர்ச் அடித்துக்கொண்டு போனார்.

மூன்றுநாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கணினி நின்றுவிட்டது. சும்மா இருக்க முடியாமல் கொட்டில் பக்கம் நடந்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். நிலத்தில் சாக்கை விரித்து அவர் படுத்துக் கிடந்தார். பூட்ஸ் ஒரு பக்கம், மேஸ் ஒரு பக்கம். என் நிழல் விழுந்ததும் திடுக்கிட்டு எழும்பி இருந்தார். களவெடுத்தவன் எழும்புவது போல எழும்பினார். வலது காலை உடனே சாக்கால் மூடினார். நான் சாக்கை இழுத்தேன். இரண்டாவது விரல் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பக்கத்து விரலும் பாதி கறுப்பு. பாதம் வீங்கி மினுங்கியது. அந்த மணம் என் முகத்தில் அடித்தது.

நான் கத்திய கத்தலுக்கு வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"சிப்பி வெட்டினது. சின்னக் காயம்தான்" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "அம்மாக்கிட்டச் சொல்லிப்போடாத."

அதுதான் அவர் முதலில் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாதே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூட்ஸ் இரண்டையும் தூக்கி வாவிக்குள் எறிந்தேன். பிறகு ஓட்டோவுக்கு ஓடினேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை, கண்ணெல்லாம் நித்திரை இல்லாத கண். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா: "பாதத்தை இப்போதைக்குக் காப்பாத்தியிருக்கிறம். இனி இந்தக் காலை நிலத்தில ஊன்றக்கூடாது. ரெண்டு மாதம், காலை உயர்த்தி வைச்சுப் படுக்கவேணும். நடந்தா, திரும்பி வருவார். அப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கவேண்டி வரும்." இதைவிட வெளிச்சமாக ஒருவர் சொல்லமுடியாது. அவர் படுத்தால் கால். எழும்பினால் கால் இல்லை.

ஆண்கள் வார்ட்டில் வரிசையாகக் கால்கள். எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் உன்னிச்சைப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவர். வட்டைக்குள், அதுதான் வயல்வெளிக்குள், காலில் ஏதோ குத்தி ஏறியிருக்கிறது. அறுவடை முடியும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லையாம். அவருடைய மனைவி என்னிடம் சொன்னா: "அந்தக் காலோடதான் தங்கச்சி கடைசி மூட்டை வரைக்கும் ஏத்தி முடிச்சவர்." சொல்லும்போது அவவுடைய முகத்தில் ஒரு வெளிச்சம். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்போதும் அந்த வெளிச்சம். எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். கதவு மூடுகிறபோது திரைக்கு முன்னால் இருக்கிற என் முகம் அது. நான் எழும்பி வெளியே போய் விறாந்தையில் இங்கும் அங்கும் நடந்தேன். அந்த மனிசியில் கோபமா, என்னில் கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து பார்த்தால் கட்டில் காலி. விறாந்தையின் அந்தலையில் ஒரு தாதி, "ஐயா, ஐயா, நில்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறா. அவவுக்கு அப்பால் என் மனிசன், ஒரு கையில் சாறன், மறு கை சுவரில், மலசலகூடத்துக்கு நடந்து போகிறார். இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு அவருக்குப் பின்னால் மூடியது. நான் எத்தனையோ தடவை எழுதிய அதே காட்சி, பின்னால் நிற்கிற பெண்ணுக்கு அதே ஒரு வரி. கீழே பார்த்தேன். கட்டுத் துணிக்குள்ளால் இரத்தம் கசிந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வட்டம், அந்த வட்டங்களை வார்ட் கழுவுகிற பெண் வாளியோடு வந்து துடைத்துக்கொண்டிருந்தா. தொடர்களில் இந்தத் துடைக்கிற பெண்ணை ஒருநாளும் காட்டியதில்லை. எனக்கு நெஞ்சு விம்மவில்லை. ஓடிப்போய் அந்த மனிசனின் முதுகில் ஒரு அடி வைக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

"தாதிப் பிள்ளையிட்டப் பாத்திரம் கேக்க வெக்கமா இருந்த" என்றார் பிறகு. கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட நாளன்று சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். ஓட்டோவில் ஏற்றினோம். ஓட்டோக்காரர் திரும்பி, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர், "தேற்றாத்தீவு" என்றார்.

தன்னாமுனைக்கு வடக்கே போகவேண்டும். தேற்றாத்தீவுக்கு, கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே.

"என்னத்துக்கு?" என்றேன்.

"அக்காட்டச் சொல்லிட்டன். ரெண்டு மாசம் புள்ள. பகலும் படுக்கணும். உங்கட வீட்டில, அம்மாக்கு முன்னால, காலைத் தூக்கி வெச்சிக்கிட்டு நான் என்னண்டு கிடக்கிற? அங்கண்டாப் பின் அறையில கிடப்பன். ஆரும் பாக்கமாட்டாங்க. நடக்க ஏலுமானதும் வாறன்."

அவர் பிறந்த வீடுதான் அது. ஆனால் அதுவும் அவருடையதில்லை. தாயுடைய வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. இங்கே ஒரு ஆம்பிளை தாய்வீட்டில் பிறந்து, அது சகோதரியின் வீடாகி, பிறகு மனைவியின் வீட்டுக்கு வந்து சேருகிறான். சொந்தக் கப்பலே இல்லாத மனிசன், கப்டன் மாதிரி நடந்துகொள்வதை மட்டும் எங்கிருந்து படித்தான்? நான்தான் கற்றுக்கொடுத்தேனா? அம்மா அவரைப் புகழ்ந்ததை வேலியோரம் நின்று கேட்டு ரசித்த நான்தானே இப்போது அவரை ஏசுகிறேன்? அங்கே அக்கா வீட்டில் யார் அவரைப் பிடித்துப் படுக்கவைப்பது? மூன்றாம் நாளே விருந்தாளி எழும்பித் தண்ணீர் அள்ளப் போய்விடுவார். எனக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தினார். எனக்குப் பின்னால் வேறு ஓட்டோ ஹோர்ன் அடித்தது. நான் ஏறவில்லை. தெருவில் நின்றுகொண்டே கத்தினேன்.

"நடக்கிற மனிசனோட நான் பதினாறு வருசம் இருந்திட்டன். அந்த மனிசன் ஆரெண்டே எனக்குத் தெரியாது. உங்கட கால் அழுகிற மணத்த எலியெண்டு தேடினவள் நான். நீங்களும் சேந்து தேடினீங்க. என்ன மனிசன் நீங்க? என்னை என்னண்டு நினைச்சீங்க? நீங்க அந்த வீட்டு நடுவில, எல்லாருக்கும் முன்னால கிடக்கணும். நான் பாக்கணும். அம்மாவும் பாக்கணும். ஏலாதெண்டா இறங்கி இப்பவே நடங்க. காலை நானே வந்து எடுக்கச் சொல்றன்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். வெளியே தெற்குப் பக்கம் ஒருதரம் பார்த்தார். தேற்றாத்தீவுக்குத்தான் போகப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

பிறகு மெல்லச் சொன்னார். "கால் கீழ தொங்குது புள்ள. சரியா நோகுது. ஏறித் தூக்கி உன்ட மடியில வை."

ஏறினேன். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தேன். பாரமாக இருந்தது, மருந்து மணத்தது. அவர் ஓட்டோவின் பக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பல்லைக் கடிக்காமல், வாயைத் திறந்து முனகினார். "தன்னாமுனைக்குப் போங்க தம்பி" என்றேன் ஓட்டோக்காரரிடம். தெருவில் குழி வரும்போதெல்லாம் இவர் "ஐயோ, மெதுவா" என்றார். ஓட்டோக்காரர் இன்னும் மெதுவாகப் போனார். வளவுக்குள் திரும்பும்போது அம்மா வாசலில் நின்றிருந்தார். அவரைக் கண்ட பிறகும் இவர் முனகலை நிறுத்தவில்லை.